குதிரைக் கொட்டகையில் கோளாறு: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில் இரண்டு பெண்குதிரைகள் இருக்கின்றன. அவற்றுக்காக முதலில் போட்ட கொட்டகையை இரண்டே ஆண்டுகளில் பாதி பிரித்து மறுபடியும் கட்ட வேண்டியதாயிற்று. கட்டிய மேஸ்திரி நல்ல வேலைக்காரர்தான். ஆனால் அவர் அதுவரை கட்டியவை எல்லாம் மாட்டுக் கொட்டகைகள். மாடு கட்டுத்தறியில் நிற்கும், தீவனத்தை அங்கேயே தின்னும், அங்கேயே படுக்கும். மேய்ச்சல் வெளியில் குதிரைக்காகப் போடும் கொட்டகை அப்படிப்பட்டதன்று. குதிரை தனக்கு வேண்டும்போது தானாக உள்ளே வந்து, தானாக வெளியேறுவதற்காகப் போடுவது. ஆடி மாதத்தில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போய் ஒரு மார்வாரி இனக் குதிரையையோ மட்டக்குதிரையையோ பிடித்து வருகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கொட்டகை போட்டுவிட்டு, பிறகு கூரையை மாற்றுவதா, சுவரை இடிப்பதா என்று கேட்கிறார்கள்.

கூரையில் கைவைக்கும் முன் தரையையும் திசையையும் பாருங்கள் என்பதே அவர்களுக்கு நான் சொல்வது. குதிரை எங்கே நிற்கிறது, எங்கே சாணமிடுகிறது, எந்த வழியாக நடக்கிறது என்பதை ஒரு வாரம் பார்த்தால் கோளாறு இருக்கும் இடத்தைக் குதிரையே காட்டிவிடும்.

கீழே சொல்லும் திருத்தங்களுக்கு அடிப்படையாக ஓர் அளவை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு குதிரைக்கு 12 அடி நீளம், 12 அடி ஆழம். இணங்கிப் போகும் இரண்டு குதிரைகளுக்கு 24 அடி நீளம், 12 அடி ஆழம். மூன்று பக்கம் அடைப்பு, ஒரு பக்கம் முழுத் திறப்பு. முன்பக்கக் கூரை 11 அடி உயரம், பின்பக்கம் 9 அடி. மட்டக்குதிரைக்கு இதைவிடக் குறைவாகவும் போதும், ஆனால் உயரத்தை மட்டும் குறைக்காதீர்கள். வெயில் காலத்தில் அதன் அருமை தெரியும்.

அறிகுறி: குதிரை உள்ளேயே போவதில்லை

முதலில் இது கோளாறுதானா என்று பாருங்கள். லேசான தூறலில் குதிரை வெளியே நின்று மேய்ந்துகொண்டிருந்தால் அதில் தவறு ஒன்றும் இல்லை. அதன் தோலும் மயிரும் அதற்கென்றே அமைந்தவை. உடல் நடுங்கினாலோ, சித்திரை வெயிலில் நிழலுக்கு வராமல் வேர்த்து நின்றாலோதான் கவலைப்பட வேண்டும்.

அப்படி நிற்கிறது என்றால், மாலையில் கொட்டகை வாசலிலும் உள்தரையிலும் அடுப்புச் சாம்பலை மெல்லிய படலமாகச் சலித்துத் தூவிவிட்டு, விடிந்ததும் போய்ப் பாருங்கள். நாங்கள் அப்படிச் செய்தபோது வாசல் வரை வந்து திரும்பிய குளம்புத் தடங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. உள்ளே ஒன்றுகூட இல்லை. வாசலில் இரண்டு முன்கால்களின் தடமும் ஆழமாக, பக்கம் பக்கமாகப் பதிந்திருந்தன. குதிரை அங்கே நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது என்பது அதிலிருந்து புரிந்தது. அதற்கு உள்ளே வர விருப்பம் இருந்தது, துணிவுதான் வரவில்லை.

வாசலில் நின்று திரும்பினால் காரணம் பெரும்பாலும் இருட்டு அல்லது குறுகிய வழி. வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் வரும்போது குதிரையின் கண் பழகுவதற்கு நம் கண்ணைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். ஆபத்து என்றால் ஓடித் தப்பிக்கும் விலங்காதலால், வெளியேறும் வழி தெரியாத இடத்துக்குள் அது தலையை நீட்டாது. முன்பக்கத்தைப் பாதி அடைத்து 4 அடிக் கதவு வைத்திருந்தால் அந்த அடைப்பை முழுவதும் எடுத்துவிடுங்கள். பின்சுவரின் மேல்பகுதியில், கூரைக்குக் கீழே ஓர் அடி உயரத்துக்கு நெடுக இடைவெளி விட்டால் வெளிச்சமும் வரும், வெப்பக் காற்றும் வெளியேறும். இந்த இடைவெளியைப் பற்றி மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாசல் பக்கமே வந்த தடம் இல்லை என்றால் இடமே தவறு. குதிரை வழக்கமாக எங்கே நிற்கிறது என்று தேடுங்கள். மண் இறுகி, புல் தேய்ந்து, சாணம் குவிந்த இடம் ஒன்று நிலத்தில் இருக்கும். அது பெரும்பாலும் மேடாகவும், காற்று படுவதாகவும், சாலையையோ வீட்டையோ பார்க்கக்கூடியதாகவும் இருக்கும். புதிதாகக் கட்டுகிறவர்கள் அங்கேயே கட்டுவது நல்லது. ஏற்கெனவே கட்டியவர்கள் தண்ணீர்த் தொட்டியையும் உப்புக்கட்டியையும் கொட்டகைக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தால், நாளடைவில் பழக்கிவிடலாம்.

காற்றடிக்கும்போது மட்டும் உள்ளே வராத குதிரைக்கு வேறொரு காரணம் இருக்கும். கூரைக்குக் கீழே நின்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே ஒரு போல்ட் தளர்ந்த தகர ஷீட் படபடக்கும் ஓசை நமக்கு இரைச்சல், குதிரைக்கு ஆபத்து.

அறிகுறி: இரண்டு குதிரைகளில் ஒன்று மட்டும் வெளியே நிற்கிறது

இது கூரையின் கோளாறு அன்று, வாசலின் கோளாறு. வலிய குதிரை வாசலை மறித்து நிற்கும். மெலிந்தது மூலையில் மாட்டிக்கொண்டு உதை வாங்கிய பிறகு உள்ளே வராது. முன்பக்கம் முழுவதும் திறந்திருந்தாலும் இது தொடர்ந்தால், பக்கச் சுவர் ஒன்றின் முன்மூலையில் 6 அடி அகலத்துக்கு இன்னொரு வழி விடுங்கள். தீவனத்தை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடங்களில், ஒன்றையொன்று எட்டாத தொலைவில் வையுங்கள். அப்படியும் இணங்காத குதிரைகளுக்குத் தனித்தனிக் கொட்டகைதான். அதில் சிக்கனம் பார்க்க முடியாது.

அறிகுறி: மழைச்சாரல் பின்சுவர் வரை நனைக்கிறது

எந்த மாதத்தில் நனைகிறது என்பதுதான் முதல் கேள்வி. ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது; ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து மழையைத் தள்ளிக்கொண்டு வருகிறது. நம் பகுதியில் கிழக்குப் பார்த்த வாசலே நல்லது என்று பலரும் கொட்டகையையும் கிழக்குப் பார்த்துப் போடுகிறார்கள். ஐப்பசியில் அந்தச் சாரல் நேராக உள்ளே வருகிறது. எங்கள் முதல் கொட்டகையும் அப்படித்தான் இருந்தது. அக்கினி மூலையைப் பார்த்து, அதாவது தென்கிழக்கு நோக்கித் திறப்பு வைத்தால் இரண்டு பருவக் காற்றும் பெரும்பாலும் பக்கவாட்டில் போய்விடும், காலை வெயில் உள்ளே விழுந்து தரையைக் காயவைக்கும், மாலை வெயில் பின்சுவரோடு நின்றுவிடும். கட்டும் முன் நான்கு கழிகளை நட்டு, ஒவ்வொன்றிலும் 5 அடி உயரத்தில் பழைய வேட்டித் துண்டைக் கட்டி, மழை நாட்களில் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டால் உங்கள் தோட்டத்துக் காற்று தெரிந்துவிடும். குன்றும் கரடும் நிறைந்த நம் ஊர்களில், ஒரு கரடுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் காற்று ஒரே மாதிரி வீசுவதில்லை.

கட்டி முடித்த கொட்டகையைத் திருப்ப முடியாது. அந்த நிலையில், சாரல் வரும் பக்கத்துச் சுவரை முன்னால் 6 அடிக்கு நீட்டுவதே நான் கண்ட சிறந்த வழி. முன்கூரையை 3 அடி நீட்டுவதும் உதவும், ஆனால் நீட்டிய பகுதியின் விளிம்பு 8 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. அதன் தண்ணீர் வாசலில் விழாதபடி, அதை ஏந்தி வடிக்கும் தண்ணீர்த் தகரமும் வைக்க வேண்டும். தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிடாதீர்கள்; காற்றில் அது அடிக்கிற அடிக்குக் குதிரை கொட்டகையையே வெறுத்துவிடும்.

சித்திரை, வைகாசியில் இடியோடும் சில நேரம் ஆலங்கட்டியோடும் வரும் கோடை மழை எந்தத் திசையிலிருந்தும் அடிக்கும். அதற்காகக் கட்டுமானத்தை மாற்றத் தேவையில்லை. ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். தனித்து நிற்கும் உயர்ந்த பனையை ஒட்டி மட்டும் கொட்டகை போடாதீர்கள், இடி விழும்.

அறிகுறி: தரை சேறாகிறது

இதைத்தான் எல்லோரும் கடைசியாகக் கவனிக்கிறார்கள். குதிரையை அதிகம் கெடுப்பதும் இதுதான். ஈரத் தரையில் நின்றுகொண்டே இருக்கும் குதிரைக்குக் குளம்பின் அடியில், நடுவிலுள்ள மெத்தென்ற முக்கோணப் பகுதியின் வெடிப்புகளில் கறுப்பாக, அழுகிய நாற்றத்தோடு கசிவு தோன்றும். குளம்பைத் தூக்கிப் பார்க்கும்போது அந்த நாற்றம் வந்தால் மருத்துவரையும் லாடம் அடிப்பவரையும் அழைப்பதோடு நில்லாமல், தரையையும் திருத்தியாக வேண்டும். இல்லையென்றால் மருந்து போடப் போட மறுபடியும் வரும்.

சேறு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத் திருத்தம் மாறும். வாசலில் மட்டும் சேறு என்றால் கூரைத் தண்ணீர் முன்பக்கம் விழுகிறது என்று பொருள். 24 அடிக்கு 12 அடிக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 670 லிட்டர் தண்ணீர் இறங்கும். அது முழுவதும் குதிரை கால் வைக்கும் இடத்தில் விழுந்தால் அங்கே மண் எப்படி நிற்கும்? கூரைச் சரிவு பின்பக்கமாக இருக்க வேண்டும். இருக்கும் சரிவை மாற்ற முடியாவிட்டால் முன்விளிம்பில் தகரம் வைத்து, குழாய் வழியாகப் பக்கவாட்டில் கொண்டுபோய் வாய்க்காலில் விடுங்கள்.

உள்ளே முழுவதும் ஈரம் என்றால் வெளித்தரையைவிட உள்தரை தாழ்ந்திருக்கிறது. ஒரு ரசமட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். உள்தரை வெளியைவிட 6 முதல் 8 அங்குலம் உயர்ந்தும், பின்சுவரிலிருந்து வாசல் வரை மொத்தம் 3 அங்குலம் சரிந்தும் இருப்பது சரியான அளவு. சரிவு அதற்கு மேல் போனால் குதிரை நிற்கும்போது கால் தசைநாண்களுக்குச் சுமை.

தரையைப் புதிதாக அமைப்பது இப்படி. வாசலுக்கு வெளியே 10 அடி வரை சேர்த்துச் சாணமும் சேறும் கலந்த மேல்மண்ணை 8 அங்குல ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட வேண்டும். அந்த மண்ணின் மேலேயே ஜல்லியைக் கொட்டினால் ஒரே மழைக்காலத்தில் அது சேற்றுக்குள் போய்விடும். நாங்கள் இரண்டு டிராக்டர் ஜல்லியை அப்படித்தான் இழந்தோம். வெட்டிய குழியில், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரித்து, அதன்மேல் 40 மில்லிமீட்டர் ஜல்லியை 6 அங்குலத்துக்குப் பரப்பி, திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் 4 அங்குலம் கிராவல், எல்லாவற்றுக்கும் மேலே 4 அங்குலம் கிரஷர் தூள், அதாவது கல் உடைக்கும்போது கிடைக்கும் தூள். உள்தரைக்கு உயரம் போதாவிட்டால் ஜல்லியைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடுக்கையும் தண்ணீர் தெளித்துத் தனித்தனியாக இறுக்க வேண்டும். குவாரிகள் நிறைந்த இந்த மாவட்டங்களில் ஜல்லியும் தூளும் எளிதாகக் கிடைப்பது நமக்கு ஒரு நல்வாய்ப்பு. கருமண் பகுதிகளில் ஜல்லி அடுக்கை 8 அங்குலமாகக் கூட்டுங்கள். மழையில் ஊறி உப்பி, வெயிலில் பிளக்கும் மண் அது.

கான்கிரீட் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. மாட்டுக்குச் சரி. குதிரைக்கு அது வழுக்கும், மூட்டுகளைத் தேய்க்கும். ஏற்கெனவே போட்டிருந்தால் மேல்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, ரப்பர் விரிப்பு போட்டு, அதன்மேல் 4 அங்குலத்துக்குக் குறையாமல் தென்னை நார்க்கழிவோ மரச்சீவலோ பரப்புங்கள். மணல் பரப்பினால் தீவனத்தைத் தரையில் போடாதீர்கள். தீவனத்தோடு போகும் மணல் குடலில் தங்கி வயிற்றுவலியை உண்டாக்கும்.

அறிகுறி: கூரைக்குக் கீழே அனல் அடிக்கிறது

பகல் இரண்டு மணிக்குக் குதிரைக்குப் பக்கத்தில் நின்று அதன் விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும். நிழலில் நிற்கும்போதே அது 30, 40 என்று போனால் உங்கள் கூரை நிழல் தரவில்லை, வெப்பம் தருகிறது. உடனே உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் காற்றோட்டமான மரநிழலுக்குக் கொண்டுபோங்கள். குறையாவிட்டால் மருத்துவரை அழையுங்கள்.

கூரைக்கான திருத்தங்களில் மிக மலிவானது மேல்பரப்பில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது. ஒவ்வொரு மாசியிலும் திரும்ப அடிக்க வேண்டும். அடுத்தது, தகரத்துக்கு 6 அங்குலம் கீழே, குதிரையின் வாய்க்கு எட்டாத உயரத்தில் தென்னங்கீற்றுத் தட்டி கட்டுவது. இடையிலுள்ள காற்று, பின்சுவரில் விட்ட ஓரடி இடைவெளி வழியாக வெளியேறும். கீற்றைத் தகரத்துக்கு மேலே போடுவது இன்னும் குளிர்ச்சிதான், ஆனால் வைக்கோலும் ஓலையும் சேர்ந்த இடத்தில் தீப்பொறி விழுந்தால் குதிரையை மீட்க நேரம் கிடைக்காது. அதனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பயன்படுத்துகிறவர்கள் அதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. மேற்குப் பக்கம் இரண்டு புங்கங்கன்று நட்டுவையுங்கள். வேலியோரத்தில் அழகுக்கு அரளி வைத்திருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். சில இலைகள் போதும், குதிரையைக் கொன்றுவிடும்.

அறிகுறி: மழையே இல்லாத காலையில் கூரையிலிருந்து சொட்டுகிறது

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிரில் இது வழக்கம். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர்களில் இரவில் தகரம் குளிர்ந்து, குதிரையின் மூச்சும் தரையின் ஈரமும் அதன் அடிப்பக்கத்தில் நீராகப் படிகின்றன. ஓட்டையைத் தேடித் தார் பூச வேண்டாம். குளிருக்குப் பயந்து மேல் இடைவெளியைச் சாக்கால் அடைத்திருப்பீர்கள், அதை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: மூத்திர நெடி, குதிரைக்கு இருமல்

நின்றுகொண்டு மோந்தால் தெரியாது. குதிரை படுக்கும்போது அதன் மூக்கு இருக்கும் உயரத்துக்கு, தரையிலிருந்து அரை அடிக்கு, குனிந்து சில நொடிகள் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அதன் நுரையீரலும் எரிகிறது. குதிரை மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் விலங்கு. நனைந்த படுக்கையைத் தினமும் எடுத்து, ஈரமான இடத்தைக் காயவிட்டுப் புதிதாகப் பரப்புங்கள். நெடியைப் போக்கச் சுட்ட சுண்ணாம்பைத் தூவக் கூடாது. ஈரம் பட்டதும் அது குளம்பையும் தோலையும் வெந்துபோகச் செய்யும். படுக்கைக்குக் கேழ்வரகுத் தாளைப் போடுகிறவர்கள், குதிரை அதைத் தின்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவின்றித் தின்றால் குடலடைப்பு வரும். நிலக்கடலைத் தோல் மலிவாகக் கிடைத்தாலும் பூஞ்சை பிடித்திருந்தால் தொடக் கூடாது.

ஈத் தொல்லையும் இதே காரணத்தால் வருவதே. சாணக் குவியலை 50 அடிக்கு அப்பால், காற்று கொட்டகைப் பக்கம் வராத திசையில் வைத்தால் பாதி குறையும்.

அறிகுறி: ஆடிக்காற்றில் கூரை தூக்கிக்கொள்கிறது

மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த கொட்டகை காற்றுக்கு ஒரு பை மாதிரி. உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று உறிஞ்சும். கூரைமேல் கற்களையும் மணல் மூட்டைகளையும் அடுக்குவது நம் ஊர் வழக்கம். ஷீட் தூக்கும்போது அந்தக் கல் குதிரையின் முதுகில்தான் விழும். மேல் இடைவெளி இங்கேயும் உதவுகிறது, உள்ளே சேரும் காற்றை வெளியே விடுகிறது. கொக்கி போல வளைந்த ஜே போல்ட்டுகளை ஷீட்டின் மேட்டில் போட்டு, ரப்பர் வாஷரோடு முடுக்குங்கள். பள்ளத்தில் போட்டால் ஒழுகும். விளிம்புகளில் ஒன்றுவிட்டு ஒரு மேட்டுக்கு ஒரு போல்ட் இருக்கட்டும்.

தூண் ஆடுகிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். 3 அடி ஆழக் குழியில், அடியில் அகலமான கான்கிரீட் பிடிப்போடு நின்றால் ஆடாது. ஒன்றரை அடியிலேயே பாறை தட்டினால், பாறையில் துளையிட்டு முறுக்குக் கம்பியைச் சிமெண்ட் பாலோடு இறக்கி, அடித்தகடு வைத்த இரும்புத் தூணை அதில் முடுக்குவதே சரி. மேலே மண் குவித்து நிறுத்திய கல்தூண் ஒரு நாள் சாயும்.

அறிகுறி: குதிரையின் உடலில் காரணம் தெரியாத கீறல்கள்

கீறல் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று குதிரையின் உடலிலேயே அளந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு பஞ்சு உருண்டையை எடுத்து, அதே உயரத்தில் கொட்டகையின் உட்புறம் முழுவதும் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். எங்கள் கொட்டகையில் மூன்றே முக்கால் அடியில், வெளியிலிருந்து முடுக்கிய ஒரு போல்ட்டின் முனை உள்ளே கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் சிவந்த மயிர் நான்கைந்து சுற்றியிருந்தன. அதைக் கண்ட பிறகு எல்லா போல்ட்டுகளையும் தலை உட்பக்கமாக இருக்கும்படி மாற்றினோம்.

கீறல் முழங்காலுக்குக் கீழே என்றால் தகரச் சுவரின் அடிவிளிம்பைப் பாருங்கள். குதிரை உதைத்தால் தகரம் பிளந்து கத்தியாகும். உட்பக்கத்தில் தரையிலிருந்து 4 அடி வரை ஒன்றரை அங்குலப் பலகையோ, விளிம்பு மழுக்கிய கல்பலகையோ நிறுத்துங்கள். பலகைகளுக்கு இடையே குளம்பு நுழையும் அளவுக்குச் சந்து இருக்கக் கூடாது. பலகையைக் கடித்துத் தின்னும் குதிரைக்குத் தீவனம் போதவில்லையா, அடைபட்டே கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, விளிம்பில் இரும்புப் பட்டை அடியுங்கள்.

தீவனத்தை மட்டும் இதே கூரையின் கீழ் சேர்த்து வைக்காதீர்கள். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்தில் கேழ்வரகு அறுவடைக் காலத்தில் யானையும் வரும். அந்தப் பகுதியில் தானியத்தையும் உப்பையும் இரவில் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டு, குதிரை ஓடிப்போக வழி இருக்கும்படி மேய்ச்சல் வெளியின் உள்கதவைத் திறந்தே வையுங்கள்.